ஆகாயத்தாமரைக்குள் விரால்: நரம்பும் லூரும் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவை

கலிபோர்னியக் கடற்கரையில் கெல்ப் என்னும் கடற்பாசிக் காடுகளுக்குள் பாஸ் மீன் பிடிப்பவர்களின் காணொளிகளைப் பார்த்துவிட்டு, அவர்கள் பயன்படுத்தும் அதே நரம்பையும் (தூண்டில் நூல்) அதே லூரையும் (செயற்கை இரை) வரவழைத்துக்கொண்டு நொய்யல் கரைக் குளங்களுக்கு விரால் பிடிக்க வருகிறவர்கள் கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரங்களில் இப்போது பெருகியிருக்கிறார்கள். அந்தச் சாமான்களில் எது நம் குளத்துக்குப் பொருந்துகிறது, எது பொருந்தவில்லை, கடையில் கிடைக்கும் மற்றவற்றில் எதற்குக் காசு கொடுக்கலாம் என்பதைப் பயன்படுத்திப் பார்த்த அளவில் இங்கே எழுதுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: செடி நிறைந்த தண்ணீரில் மீனின் எடையைப் பார்த்து நரம்பு வாங்கக் கூடாது, செடியைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும், கையில் இருக்கும் பணத்தில் பெரும்பங்கு நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் போக வேண்டுமே தவிர, லூரின் நிறத்துக்குப் போகக் கூடாது.

கெல்ப் பாஸ், காலிகோ பாஸ் என்று இரண்டு பெயரால் அழைக்கப்படும் அந்த மீன் பாறையும் பாசியும் சேர்ந்த இடத்தில் வாழ்வது. ராட்சதக் கெல்ப் கடலடிப் பாறையைப் பற்றிக்கொண்டு எழும்பி, ஒவ்வோர் இலையின் அடியிலும் உள்ள காற்றுப்பைகளின் உதவியால் நிமிர்ந்து நின்று, நீர்மட்டத்தில் பந்தலாகப் படர்கிறது. குளிர்ந்த, ஊட்டம் மிகுந்த நீரில் ஒரே நாளில் 60 சென்டிமீட்டர் வரைகூட வளரும். லூரைக் கவ்விய மீன் நேராக அந்தத் தண்டுகளுக்குள் தலையை விடுகிறது. நான்கு கிலோ மீனே பெரிது என்று கொண்டாடப்படும் இடத்தில் 50, 65 பவுண்டு இழுப்பைத் தாங்கும் பின்னல் நரம்பை (பல இழைகளைப் பின்னிச் செய்தது) அவர்கள் போடுவதற்கு அதுதான் காரணம். மெல்லியதும் நீளாததுமான பின்னல் நரம்பு இறுகும்போது கெல்ப் தண்டை அறுத்துக்கொண்டு வந்துவிடும். அடியில் பாறை இருப்பதாலும் தண்ணீர் தெளிவாக இருப்பதாலும் நரம்பின் முனையில் லீடர் என்று ஃபுளோரோகார்பன் பிளாஸ்டிக்கால் ஆன தடித்த துண்டு நரம்பைக் கட்டுவார்கள். முள்முனை உடலுக்குள் பதுங்கும்படி கோத்த ஐந்து அங்குல ரப்பர் மீன் அவர்கள் பெரிதும் நம்பும் லூர்.

நம் பக்கத்துக் குளங்களில் செடியும் வேறு, அடித்தளமும் வேறு. மேலே ஆகாயத்தாமரை, நீருக்குள் வேலம்பாசி, ஆங்காங்கே அல்லி, ஓரத்தில் சம்பு, கரையை ஒட்டி நெய்வேலிக் காட்டாமணக்கு, தண்ணீர் ஏறிய காலத்தில் மூழ்கி நிற்கும் சீமைக்கருவேலம் என்று ஒரே குளத்தில் பல வகைத் தடைகள் இருக்கின்றன. அடியில் பாறை இல்லை, சேறுதான்; தண்ணீரும் பெரும்பாலும் கலங்கல். விரால் காற்றைச் சுவாசிக்கும் மீன் என்பதால் அவ்வப்போது மேலே வந்தே ஆக வேண்டும். ஆகவே செடிக்கு நடுவே உள்ள சந்துகளிலும் சிறு திறப்புகளிலும் அது மேற்பரப்பை ஒட்டியே காத்திருக்கிறது. கெல்ப் தண்டைப் போல ஆகாயத்தாமரையைச் சுலபமாக அறுத்துவிட முடியாது. அதன் காம்பு பஞ்சுபோல் இருந்தாலும், கீழே தொங்கும் வேர்க்கொத்து நரம்பைச் சுற்றிக்கொண்டு, ஒரு செடியை இழுத்தால் பத்துச் செடிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறது. முக்கால் கிலோ விராலைக் கரையேற்றும்போது அதனோடு ஐந்தாறு கிலோ செடியையும் சேர்த்தே இழுக்கிறோம் என்பதை மறந்துவிட்டு, மீனின் எடைக்குக் கணக்குப் போட்டு 15 பவுண்டு நரம்பு வாங்குகிறவர்கள்தான் லூரையும் மீனையும் செடிக்குள் விட்டுவிட்டு வருகிறார்கள்.

வாயில் அறுந்த நரம்பும் முள்ளுமாகத் திரியும் மீன் இரை எடுக்க முடியாமல் வாடும். அதனால் போதிய பலமுள்ள நரம்பு போடுவதை நான் வசதி என்று கருதவில்லை, பிடிப்பவரின் கடமை என்றே கருதுகிறேன்.

பின்னல் நரம்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் ஏமாற்று அதிகம் நடப்பது அதில்தான். நல்ல பின்னல் நரம்பு மிக உயர் மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீன் நாரால் ஆனது. டைனீமா, ஸ்பெக்ட்ரா என்பவை அந்த நாரின் வணிகப் பெயர்கள். அதன் அடர்த்தி சுமார் 0.97 என்பதால் அது தண்ணீரில் மிதக்கும். நைலானின் அடர்த்தி 1.14, பாலியஸ்டரின் அடர்த்தி 1.38, இரண்டும் மூழ்கும். மலிவு விலையில் "பிஇ" (பாலிஎத்திலீன்) என்று அச்சிட்டு வரும் சில சுருள்களில் இருப்பது உண்மையில் பாலியஸ்டர் பின்னல்தான். இதைக் கண்டுபிடிக்க ஆய்வுக்கூடம் தேவையில்லை. விரல் நீளத் துண்டு ஒன்றை வெட்டி, பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்ட தண்ணீர்க் குவளையில் போட்டு, இழைகளுக்கிடையே உள்ள காற்று வெளியேறும்படி விரலால் நன்றாகப் பிசைந்துவிட வேண்டும். பாலிஎத்திலீன் நார் என்றால் மேலே வந்து நிற்கும். பாலியஸ்டர் என்றால் அடிக்குப் போய்விடும். சந்தேகமான சுருளை முழுதாக ரீலில் சுற்றுவதற்கு முன் இதைச் செய்து பார்ப்பது நல்லது.

இரண்டாவது ஏமாற்று தடிமனில். பவர் புரோ என்னும் பெயரில் வரும் 30, 50, 65 பவுண்டுப் பின்னல் நரம்புகளுக்கு முறையே 0.28, 0.36, 0.41 மில்லிமீட்டர் என்று குறிப்பிடப்படுகிறது. தடிமனை எண்ணால் குறிக்கும் ஜப்பானிய வழக்கில் பிஇ 1 என்பது சுமார் 0.165 மில்லிமீட்டர், பிஇ 4 என்பது சுமார் 0.33. இவற்றை மனத்தில் வைத்துக்கொண்டால், முன்பின் தெரியாத ஒரு சுருளின் லேபிளில் உள்ள எண்கள் நம்பத் தக்கவையா என்று ஓரளவு கணிக்கலாம். 50 பவுண்டு, 0.28 என்று அச்சிடப்பட்ட ஒரு மலிவு நரம்பை நான் அளந்தபோது அது 0.4ஐத் தொட்டது. தடிமன் கூடினால் வீச்சுத் தூரம் குறையும், ரீலில் கொள்ளும் நீளமும் குறையும். மைக்ரோமீட்டரில் வைத்தால் பின்னல் நசுங்கி அளவு குறைத்துக் காட்டும் என்பதால், ஒரு பென்சிலில் இருபது சுற்று நெருக்கமாகச் சுற்றி, அந்த அகலத்தை வெர்னியரால் அளந்து இருபதால் வகுப்பதே சரியான வழி. பீளமேடு, கணபதி, சிட்கோ பக்கம் எந்த லேத் பட்டறையில் கேட்டாலும் வெர்னியர் கிடைக்கும்.

நான்கு இழையா, எட்டு இழையா என்ற கேள்விக்கு, விசைத்தறியோடு வளர்ந்த சோமனூர், பல்லடம் பக்கத்து ஆட்களுக்கு அதிகம் விளக்கத் தேவையில்லை. எட்டு இழைப் பின்னல் உருண்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும், ராடின் வளையங்களில் சத்தமில்லாமல் ஓடும், தூரமாகப் போகும். நான்கு இழைப் பின்னலில் ஒவ்வோர் இழையும் தடிமன் கூடியது. மேற்பரப்பு சற்றுச் சொரசொரப்பானது. செடிக்குள் போடுவதற்கு நான் நான்கு இழையையே விரும்புகிறேன். தடித்த இழை உரசலைக் கூடுதலாகத் தாங்குகிறது. சொரசொரப்பு காம்பையும் தண்டையும் அறுக்க உதவுகிறது. விலையும் குறைவு. ஆனால் எத்தனை இழை என்பதைவிடப் பின்னலின் நெருக்கம் முக்கியம். துணியில் அங்குலத்துக்கு இத்தனை பிக் (ஊடை இழை) என்று எண்ணுவதைப் போலவே நரம்பிலும் பிக் எண்ணிக்கை உண்டு. நெருக்கமாகப் பின்னிய நரம்பை இரு விரல்களுக்கிடையே வைத்து எதிரெதிராகத் தள்ளினால் அது வாய் திறக்காது. தளர்ந்த பின்னல் உடனே கூடுபோல் விரிந்து, உள்ளே வெளிச்சம் தெரியும். அப்படி விரியும் நரம்பில் பாசியும் மணலும் புகுந்து, உள்ளிருந்தே அறுக்கத் தொடங்கும்.

எத்தனை பவுண்டு என்பதைச் செடிதான் முடிவு செய்கிறது. அடர்ந்த ஆகாயத்தாமரைக்கு 65 பவுண்டுக்குக் கீழே நான் போக மாட்டேன். வேலம்பாசிக்கும் அல்லிக்கும் 40 முதல் 50 போதும். செடி விலகிய மதகு ஓரத்திலும் வாய்க்காலிலும் 30 பவுண்டு தாராளம். அங்கே 65 போட்டால் சிறிய லூரை வீசவே முடியாது.

தங்கூசியை, அதாவது ஒற்றை இழை நைலான் நரம்பை, தள்ளிவிட வேண்டும் என்று சொல்ல மாட்டேன். தக்கை கட்டி மண்புழுவோடு கெண்டைக்கும் ஜிலேபிக்கும் உட்கார்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நரம்பு இல்லை. விலை மலிவு, முடிச்சு சுலபம், திடீர் இழுப்பைத் தாங்கும் நெகிழ்வும் உண்டு. ஆனால் அந்த நெகிழ்வே செடிக்குள் தடையாகிறது. நல்ல இழுப்பில் நைலான் 20 விழுக்காட்டுக்கு மேல்கூட நீளும். பின்னல் நரம்பு ஐந்து விழுக்காட்டை ஒட்டியே நிற்கும். இருபத்தைந்து மீட்டர் தொலைவில் விரால் கவ்வும்போது நாம் ராடைத் தூக்கும் வேகத்தில் பெரும்பகுதியை நைலான் உறிஞ்சிக்கொண்டுவிட, முள் தாடையில் ஏறுவதற்கு முன்பே மீன் வேர்களுக்குள் போய்விடுகிறது. மேலும் நைலான் தண்ணீரை உறிஞ்சி நனைந்த நிலையில் சற்றுப் பலம் குறைவதோடு, வெயிலிலும் கெட்டுப்போகும்.

ஃபுளோரோகார்பன் லீடருக்கு விரால் தூண்டிலில் காசு செலவழிக்கத் தேவையில்லை. அதன் ஒளிவிலகல் எண் 1.42, தண்ணீருக்கு 1.33, நைலானுக்கு 1.5க்கு மேல். ஆகவே தெளிந்த நீரில் அது குறைவாகத் தெரியும் என்பதில் பொருள் இருக்கிறது. கலங்கல் குளத்தில், அதுவும் செடியின் மேல் கிடக்கும் நரம்பை, எந்த மீனும் கீழிருந்து ஆராயப் போவதில்லை. ஃபுளோரோகார்பனின் அடர்த்தி சுமார் 1.78 என்பதால் அது தவளை லூரின் மூக்கைக் கீழே இழுக்கிறது. லீடர் முடிச்சு வேறு ஒவ்வொரு வேரிலும் பாசியைச் சேர்த்துக்கொண்டு வருகிறது. பின்னல் நரம்பை நேராக லூரில் கட்டுவதே குளத்துக்கு உகந்தது. அணைகளில் நிலைமை மாறும். பவானிசாகரில் நீர் இறங்கும்போது டணாய்க்கன் கோட்டைப் பகுதியின் பழைய கட்டுமானங்களே வெளியே தெரிகின்றன. அத்தகைய கல்லிலும் பாறையிலும் உரசினால் பின்னல் நரம்பு சட்டென்று அறுந்துவிடும். அங்கே ஒரு மீட்டர் 40 பவுண்டு லீடர் கட்டாயம் வேண்டும். லீடர் விஷயத்தில் கெல்ப் காட்டுக்காரர்களின் முறை நமக்கு அப்படியே உதவுவது இந்த ஓரிடத்தில்தான்.

இனி லூர். விராலுக்கு உள்ளீடற்ற தவளை லூர்தான் முதல் தேர்வு. மென்மையான கூட்டின் முதுகை ஒட்டி இரட்டை முள் மேல்நோக்கிப் படிந்திருப்பதால் அது செடியில் மாட்டுவதில்லை. மீன் கவ்வும்போது கூடு அமுங்கி முள் வெளிப்படுகிறது. இதில் உயர்ந்த வகை எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள, கமகட்சு இரட்டை முள் பொருத்திய ஸ்ப்ரோ பிரான்ஸ்ஐ 65 போன்ற ஒன்றைக் கையில் வாங்கிப் பார்க்கலாம். அதையே வாங்க வேண்டும் என்பதில்லை; ஆனால் அந்த விலைக்குக் கிடைப்பது என்ன என்பதைக் கை அறிந்துகொண்டால், மலிவானவற்றுள் நல்லதைப் பொறுக்கி எடுக்க முடியும். வண்ணமயமான கண்ணுக்கும் செதிலுக்கும் கூடுதல் விலை வைத்து விற்கும் தவளைகளைப் பார்க்கும்போது எனக்கு வருத்தமே உண்டாகிறது. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு முதுகின் சித்திரம் தெரியப்போவதில்லை, வெளிச்சத்துக்கு எதிரே ஒரு நிழலுருவம்தான் தெரியும். கறுப்பில் ஒன்று, வெளிர்நிறத்தில் ஒன்று இருந்தால் போதும்.

கடையில் தவளையைக் கையில் எடுத்ததும் கட்டைவிரலால் முதுகை அழுத்திப் பார்க்க வேண்டும். லேசான அழுத்தத்திலேயே இரண்டு முள்முனைகளும் முழுதாக வெளியே வந்தால் நல்ல கூடு. நகம் வெளுக்கும் அளவுக்கு அழுத்தினாலும் முனை எட்டிப் பார்ப்பதோடு நின்றுவிட்டால், அந்த லூர் விராலின் வாயிலிருந்து முழுதாகத் திரும்பி வரும். அடுத்து முள்ளின் கம்பி. மலிவுத் தவளைகள் பலவற்றில் கூடு நன்றாகவே இருக்கிறது, முள்தான் மெல்லியது. 65 பவுண்டு நரம்பின் இழுப்பில் அது நிமிர்ந்துவிடும். பிறகு, முள் உடலுக்குள் நுழையும் ஓட்டை. அது அகன்றிருந்தால் சில வீச்சுகளிலேயே உள்ளே தண்ணீர் சேர்ந்து லூர் மூழ்கத் தொடங்கும். எந்தத் தவளையிலும் ஓரளவு தண்ணீர் ஏறத்தான் செய்யும், பிழிந்துவிட்டு வீசலாம். ஆனால் ஒவ்வொரு வீச்சுக்கும் பிழிய வேண்டியிருந்தால் அது விற்பனைக்கு உரிய பொருளே அல்ல. எடை வால்பக்கம் இருக்கிறதா என்பதையும் பார்க்க வேண்டும். வால் தாழ்ந்து மூக்கு நிமிர்ந்து மிதக்கும் தவளை, செடியின் விளிம்பில் ஏறி இறங்குவதற்கும் மீன் பின்னாலிருந்து கவ்வுவதற்கும் ஏற்றது. 10 முதல் 18 கிராம் வரை உள்ளவை நம் ராடுகளுக்குச் சரியாக இருக்கும். அடர்ந்த படுகையில் கனமானதைப் போட்டால்தான் அதன் அசைவு கீழே உள்ள மீனுக்குத் தெரியும்.

தவளையைக் கவ்விய சத்தம் கேட்டவுடன் ராடைத் தூக்குவது பலருக்கும் வரும் பழக்கம். ஒன்றிரண்டு நொடி பொறுத்து, நரம்பில் பாரம் தெரிந்த பிறகு ஓங்கித் தூக்க வேண்டும். தூக்கியபின் மீனின் தலையைச் செடிக்கு மேலேயே வைத்திருக்க வேண்டும் என்பதால் டிராக்கை (மீன் இழுக்கும்போது நரம்பை நழுவ விடும் ரீலின் பிடியை) ஏறக்குறைய முழுதாக இறுக்கிவிடுவது இங்கே சரி. அப்படியும் உள்ளே போய்விட்டால், பல்லடம் பக்கம் ஒரு குளக்கரையில் மூங்கில் கம்போடு நின்றிருந்த பெரியவர் ஒருவர் சொன்னதுதான் நல்ல வழி: "பூந்துட்டுதுன்னா இழுத்துக்கிட்டே இருக்காதீங்க தம்பி, கொஞ்சம் விட்டுக் குடுங்க, அதுவே திரும்பும்." கெல்ப் காட்டிலும் இதே முறையைத்தான் கையாளுகிறார்கள். நரம்பைக் கையில் சுற்றி இழுப்பது மட்டும் ஒருபோதும் கூடாது. பின்னல் நரம்பு சதையை அறுத்துவிடும். ஒரு கட்டையில் சுற்றி இழுக்க வேண்டும்.

வேலம்பாசி மேற்பரப்புக்கு ஓரடி கீழே நின்றுவிடும் காலத்தில், அதாவது மழைக்குப்பின் குளம் நிறைந்து நிற்கும்போது, தவளையைவிட அகன்ற வளைவுள்ள முள்ளில் ஈயம் இல்லாமல் கோத்த ரப்பர் மீன் நன்றாக வேலை செய்கிறது. கெல்ப் பாஸுக்குப் போடும் ஐந்து அங்குலத்துக்குப் பதிலாக மூன்று, மூன்றரை அங்குலம் நம் விராலுக்குப் போதும். சுழலும் தகடு பொருத்திய ஸ்பின்னர்பெய்ட் என்னும் லூர் செடியின் விளிம்பை ஒட்டி ஓட்டுவதற்கு மட்டும் ஆகும்; அதன் தகடு பாசியை வாரிக்கொண்டால் சுழலாது. மும்முள் தொங்கும் கட்டை மீன்கள் எவ்வளவு பெயர்பெற்றவையாக இருந்தாலும் இந்தத் தண்ணீருக்கு உரியவை அல்ல.

ராடு ஆறரை முதல் ஏழடி, மீடியம் ஹெவி என்னும் சற்று விறைப்பான வகை. முடிச்சுக்குப் பாலோமர் ஒன்றைப் பழகிக்கொண்டால் போதும். தங்கூசிக்குப் போடும் சாதாரணச் சுற்று முடிச்சு பின்னல் நரம்பில் வழுக்கி அவிழும். இறுக்கும்போது எச்சிலோ தண்ணீரோ தொட்டுக்கொள்ள வேண்டும். நைலான் 200 டிகிரி செல்சியஸைத் தாண்டித்தான் உருகும்; பாலிஎத்திலீன் நாரோ 150 டிகிரியை ஒட்டியே உருகிவிடும் என்பதால், உலர்ந்த முடிச்சை வேகமாக இழுக்கும்போது உண்டாகும் உரசல் சூடே அதைப் பலவீனப்படுத்தும்.

எங்கே வீசுவது என்பதிலும் கவனம் வேண்டும். குளங்களில் மீன்பிடி உரிமை குத்தகைக்கு விடப்பட்டிருக்கும்; குத்தகைக்காரரிடமோ சங்கத்திடமோ கேட்டுவிட்டுத்தான் தூண்டிலை எடுக்க வேண்டும். வெள்ளோடும் நஞ்சராயன் குளமும் பறவைகள் சரணாலயங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் இடம்பெற்றவை. அங்கே தூண்டிலுக்கு இடமில்லை. அமராவதி அணையில் முதலைகள் இயற்கையாகவே வாழ்கின்றன என்பதால், சிக்கிய லூரை எடுக்கத் தண்ணீரில் இறங்கும் எண்ணமே வரக் கூடாது. செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாக மேலே வந்து கொப்பளிப்பதைக் கண்டால் லூரைச் சுருட்டிக்கொண்டு வேறிடம் போய்விட வேண்டும். அருகில் வரும் எதையும் காவலுக்கு நிற்கும் தாய் தந்தை மீன்கள் தாக்கும் என்பது தெரிந்தே அங்கே தவளையை வீசுகிறவர்கள் இருக்கிறார்கள். பெரிய மீன் கிடைக்கும், மறுப்பதற்கில்லை. காவல் இழந்த குஞ்சுகளை மற்ற மீன்களும் கொக்கும் சில நாளில் தின்று தீர்த்துவிடும். இதை நான் மன்னிக்கத் தக்க செயலாக நினைக்கவில்லை.

நல்ல பின்னல் நரம்பின் விலைக்கு மூன்று நான்கு தவளைகள் வாங்கிவிடலாம் என்று தயங்குகிறவர்கள் அதன் ஆயுளையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். சாயம் வெளுப்பதால் பலம் குறைவதில்லை. ஒவ்வொரு முறையும் முனையிலிருந்து ஒரு மீட்டரை விரலால் தடவிப் பார்த்து, சிம்பு எழுந்திருந்தால் அதை வெட்டிவிட்டுப் புதிதாக முடிச்சுப் போட வேண்டும். பாதி தேய்ந்தபின் முழு நரம்பையும் இறக்கி, தலைகீழாகத் திருப்பிச் சுற்றினால், ரீலின் அடியில் தண்ணீரே படாமல் கிடந்த பகுதி மேலே வந்து புது நரம்பாகவே உழைக்கும். சுற்றும்போது அடியில் சில சுற்றுத் தங்கூசி போட்டால் பின்னல் ஸ்பூலில் வழுக்காது. வெட்டிய துண்டுகளைக் கரையில் போடாமல் ஒரு சிறு புட்டியில் சேர்த்து வீட்டுக்குக் கொண்டுவந்து, விரற்கடை நீளத்துக்கு நறுக்கிக் குப்பையில் சேர்க்க வேண்டும். மட்கவே மட்காத அந்த நார், நீர்க்காகத்தின் காலிலோ கூழைக்கடாவின் இறக்கையிலோ ஒருமுறை சுற்றிக்கொண்டால் அவற்றால் அதை அறுக்க முடியாது.